சிம்னி வாங்கலாமா, எக்ஸாஸ்ட் ஃபேனே போதுமா? கடலூர் வீட்டுக்கு யோசனை சொல்லுங்க

கெடிலக்கரையான்
ஜூன் 8, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். வீடு மஞ்சக்குப்பம். அப்பா கட்டின வீடு, மேல ஒரு மாடி இருக்கு. கீழ் சமையலறையை இடிச்சு புதுசா போடுறோம். கார்பென்டர் வந்து, "சிம்னிக்கு எடம் விடணுமா வேணாமா, இந்த வாரம் சொல்லிடுங்க, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது"ன்னு நிக்கிறார்.

எங்க வீட்ல வாரத்துக்கு மூணு நாள் மீன். வறுவல் இல்லாம அம்மாவுக்குச் சோறு இறங்காது. இருபது வருஷமா ஒரு 9 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் ஓடுது. அதோட இறக்கையைச் சுரண்டினா ஒரு தோசைக்கு எண்ணெய் கிடைக்கும். மேல் அலமாரி கதவு, டியூப் லைட், சுவர்க் கடிகாரம் எல்லாத்துலயும் பிசுக்கு.

அளவு 10 அடிக்கு 8 அடி, உயரம் 10 அடி. மூணு பர்னர் அடுப்பு. பட்ஜெட் இருபதாயிரம் வரைக்கும். கடையில போய் நின்னா 1200, 1350, 1500னு நம்பரை அடுக்குறாங்க, தலை சுத்துது. எது வாங்கலாம், எப்படி மாட்டலாம், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நெத்திலி65
ஜூன் 8, இரவு 10.05

வாரம் மூணு நாள் மீன்னா, அண்ணே முதல்ல அட்ரஸ் சொல்லுங்க. மத்ததை நேர்ல வந்து பேசிக்கலாம்.

பாடலீஸ்வரர் துணை
ஜூன் 9, காலை 6.20

தம்பி, நான் திருப்பாதிரிப்புலியூர். வயசு 71. என் அபிப்பிராயம், வேண்டாம். எங்கள் வீட்டில் 12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிரே ஒரு ஜன்னல். ஐம்பது வருடமாகச் சமையல் நடக்கிறது. தானே புயலில் (2011 டிசம்பர் 30, எங்களால் மறக்க முடியுமா) ஃபேனும் ஷட்டரும் பிய்த்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தன. எடுத்து வந்து துடைத்து மாட்டினோம், இன்றும் ஓடுகிறது. உங்கள் சிம்னியில் ஒரு சர்க்யூட் போர்டு போனால் மெக்கானிக் வர பத்து நாள், விலை நாலாயிரம். எண்ணெய் பிசுக்கு என்பது துடைக்காத வீட்டின் பிரச்சினை.

முத்தியால்பேட்டை அக்கா
ஜூன் 9, காலை 7.45

ஐயா, துடைக்கிறது யாருன்னும் சொல்லியிருக்கலாம் 🙂

தம்பி, நான் பாண்டியிலருந்து. எங்களுது பழைய வீடு, நடு முற்றம், மெட்ராஸ் டெரஸ். அடுக்களைக்கு மேல பழைய காலத்துப் புகைபோக்கி செங்கல்லுல கட்டியிருக்கும். விறகடுப்பு எரிஞ்ச வரைக்கும் புகை தானா மேல போயிடும். கேஸ் வந்ததும் அது சும்மா நின்னுது, புறாதான் குடியிருந்துச்சு. ஆறு வருஷம் முன்னாடி சிம்னி வாங்கினோம். கடைக்காரங்க அனுப்பின ஆளு, "பழைய புகைபோக்கி இருக்கே, பைப்பை அதுக்குள்ள விட்டுடலாம், ஓட்டை போட வேணாம்"னான். எனக்கும் செலவு மிச்சம்னு சந்தோஷம்.

ஒரு வருஷம் கழிச்சு அடுக்களைச் சுவர்ல மஞ்சக் கறை இறங்குது. பாத்தா, பைப்பை ரெண்டடி உள்ள விட்டுட்டு அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான். புகை அத்தனையும் செங்கல்லுல படிஞ்சு, எண்ணெயா இறங்கியிருக்கு. பழைய சுண்ணாம்புச் சுவர், குடிச்சா விடாது. அப்புறம் வேற ஆளை வெச்சு, கூரைக்கு மேல வரைக்கும் தகரப் பைப்பைத் தொடர்ச்சியா ஏத்தி, மேல தொப்பி போட்டோம். அதுக்குப் பின்னாடி ஒரு தொந்தரவும் இல்ல.

அதனால நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். மிளகாய் வறுத்தா இப்பல்லாம் கூடத்துல யாரும் இருமுறதில்ல. ஆனா மாட்டுற அன்னிக்குப் பக்கத்துலயே நில்லுங்க.

டக்ட்காரன்
ஜூன் 9, இரவு 10.30

கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. நான் ஏசி டக்ட் வேலை பாக்குறவன். ஓட்டல் கிச்சன் ஹூடும் போட்டிருக்கேன். புதுச்சேரி, கடலூர் ரெண்டு பக்கமும் அலையுறேன்.

முதல்ல ஐயா சொன்னதுக்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் மோசம்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலை வேற. ஃபேன் ரூம் காத்தை மாத்தும். புகை முதல்ல கூரைக்குப் போய், பரவி, அலமாரியைத் தொட்டுட்டு, அப்புறம்தான் ஃபேனைத் தேடிப் போகும். சிம்னி வாணலிக்கு நேர் மேல நின்னு, பரவுறதுக்கு முன்னாடியே புடிக்கும். நீங்க இட்லி, சாம்பார், ரசம் வீடுன்னா ஃபேனே தாராளம். வாரம் மூணு நாள் வறுவல்னா சிம்னிக்குப் போகலாம்.

இப்ப நம்பர் விஷயம். 1200ன்னா மணிக்கு 1200 கன மீட்டர் காத்து. உங்க ரூம் 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். ரூம் காத்து மணிக்கு 15 தடவை மாறினாலே 340தான் வருது. அப்ப 1200 எதுக்கு? பெட்டியில போட்டிருக்கிற நம்பர் பெரும்பாலும் பைப் மாட்டாம, தடையே இல்லாம அளக்கிறது. நீங்க பைப் மாட்டி, ரெண்டு இடத்துல வளைச்சு, வெளிய மூடி போட்டு, ஃபில்டர்ல எண்ணெய் ஏறின பிறகு அந்த நம்பர் அங்க இருக்காது. அதனால 1000லருந்து 1200 இருந்தா போதும். 1500க்குக் குடுக்கிற காசைப் பைப்புக்குக் குடுங்க.

பைப்புதான் சிம்னி. மேல தொங்குறது மோட்டார் வெச்ச பெட்டி, அவ்வளவுதான்.

சிம்னி வாய் 6 இஞ்ச், அதாவது 150 மில்லி. வெளிய போற வரைக்கும் அதே 6 இஞ்ச் இருக்கணும். நிறைய வீட்ல கொத்தனார் ஏற்கெனவே 4 இஞ்ச் ஓட்டை போட்டு வெச்சிருப்பார், "ரெட்யூசர் (பெரிய பைப்பைச் சின்ன ஓட்டையோட சேக்கிற துண்டு) போட்டுக்கலாம்"பாங்க. 6 இஞ்ச் வட்டம் சுமார் 177 சதுர சென்டிமீட்டர், 4 இஞ்ச் 79. பாதிகூட இல்ல. அப்புறம் "சத்தம் வருது, இழுக்கல"ன்னு கம்பெனிக்குப் போன் போடுவாங்க. மோட்டார் மேல குத்தமே இல்ல.

கூட வர்ற பைப்பு அக்கார்டியன் மாதிரி சுருங்கி விரியுற அலுமினியம். அதை நல்லா இழுத்து விட்டு, தேவைக்கு வெட்டணும். மிச்சத்தை அலமாரிக்கு மேல சுருட்டி வெச்சா ஒவ்வொரு மடிப்புலயும் காத்தும் தட்டும், எண்ணெயும் தங்கும். முடிஞ்சா உள்ள வழவழப்பான ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தகரப் பைப்பு போடுங்க. பிவிசி போடலாமான்னு கேப்பாங்க, நான் போட மாட்டேன். சூட்டுல இளகும், வாணலி தீப்பிடிச்சா அதுவும் சேந்து எரியும்.

வளைவு ஒண்ணு இருந்தா நல்லது, ரெண்டு தாங்கும், மூணு வந்தா எடத்தை மாத்துங்க. வளைவு கட்டாயம்னா ஒரே அடியா 90 டிகிரி திருப்பாம, ரெண்டு 45ஆ, இல்லன்னா நீள வளைவா போடச் சொல்லுங்க.

தம்பி, ஒரு கேள்வி. அடுப்பு எந்தச் சுவர்ல வருது?

கெடிலக்கரையான்
ஜூன் 9, இரவு 11.10

அண்ணே, ரொம்ப நன்றி. சமையலறை தென்கிழக்கு, அக்னி மூலை. கிழக்கு பாத்து நின்னு சமைக்கணும்னு அம்மா சொல்றதால அடுப்பு கிழக்குச் சுவரோரம். கிழக்கே காலி மனை, தெற்கே பக்கத்து வீடு, நடுவுல மூணடி சந்து.

டக்ட்காரன்
ஜூன் 10, காலை 8.15

நெனச்சேன். நம்ம ஊர்ல இதான் சிக்கல். வாஸ்துப்படி அடுப்பு கிழக்கே வரும். பின்னாடியே ஓட்டை போட்டா பைப்பு ஒன்றரை அடி, சூப்பர். ஆனா கிழக்கு நமக்குக் கடல். கோடையில மதியத்துக்கு மேல கடல் காத்து நேரா ஓட்டைக்குள்ள ஊதும். ஐப்பசி, கார்த்திகையில வாடைக் காத்தோட மழை அதே பக்கத்துலருந்து சாய்ஞ்சு அடிக்கும். கோயம்புத்தூர்ல இருக்கிறவருக்குக் கொடுக்கிற யோசனை இங்க செல்லாது.

தெக்கே திருப்பினா மழைக்குத் தப்பலாம், ஒரு வளைவு கூடும். ஆனா பக்கத்து வீட்டு ஜன்னல் எங்க இருக்குன்னு பாருங்க.

லாஸ்பேட்டை வாடகை
ஜூன் 10, காலை 9.00

பக்கத்து வீட்டு ஜன்னல்னதும் வயிறெரியுது. எங்க பக்கத்து பிளாட்காரங்க சிம்னி பைப்பை எங்க துணிக்கொடிக்கு நேரா விட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை காயப்போட்ட சட்டையைத் திங்கக்கிழமை ஆபீஸ் போட்டுட்டுப் போனா, "மட்டன் சுக்காவா?"ன்னு கேக்குறாங்க. நாங்க சைவம்.

தயவுசெஞ்சு சந்துப் பக்கம் விடாதீங்க சார்.

பாடலீஸ்வரர் துணை
ஜூன் 10, காலை 9.40

இதைத்தான் சொல்கிறேன். உன் புகை அடுத்தவன் வீட்டுக்கு.

லாஸ்பேட்டை வாடகை
ஜூன் 10, காலை 9.55

அப்படியே என் கேள்வியும். நான் வாடகை வீடு, ஓனர் சுவர்ல ஓட்டை போட விட மாட்டார். பைப்பே இல்லாத, கரி ஃபில்டர் வெச்ச சிம்னி வாங்கலாமா?

டக்ட்காரன்
ஜூன் 10, மதியம் 1.30

வாங்கலாம், ஆனா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சு வாங்குங்க. கரி ஃபில்டர் வாசனையைக் கொஞ்சம் புடிக்கும். எண்ணெயை முன்னாடி இருக்கிற ஃபில்டர் புடிக்கும். சூடு, நீராவி, கேஸ் எரிஞ்ச காத்து எல்லாம் திரும்ப உங்க மூஞ்சிக்கே வரும். கரியைப் பொதுவா கழுவ முடியாது, சில மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும், நம்ம சமையலுக்குச் சீக்கிரமே மாத்தணும். அந்தச் செலவையும் கணக்குல வைங்க. சைவச் சமையல், வாடகை வீடுன்னா, ஜன்னல்ல ஒரு கண்ணாடியைக் கழட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கிறது மேல். காலி பண்ணும்போது கண்ணாடியைத் திரும்பப் போட்டுடலாம்.

ஆனா அந்த ஃபேனுக்குப் பின்னாடி நீளமா பைப் மாட்டாதீங்க. இறக்கை ஃபேனுக்குத் தள்ளுற சக்தி கிடையாது. சிம்னிக்குள்ள இருக்கிறது புளோயர், அதனாலதான் அது பைப்புல தள்ளுது.

நெத்திலி65
ஜூன் 10, மதியம் 2.15

அண்ணே, கருவாடு வறுத்தா சிம்னி தாங்குமா? மனசாட்சியோட சொல்லுங்க.

முத்தியால்பேட்டை அக்கா
ஜூன் 10, மாலை 4.00

நான் சொல்றேன். பாதி தாங்கும். அடுப்பு மேல வர்றது போயிடும், தட்டுல வெச்சு மேசைக்குக் கொண்டு போனா கூட வர்றதைச் சிம்னி என்ன செய்யும். வறுத்து முடிச்சதும் நிறுத்தாம பத்து நிமிஷம் ஓட விடணும். பத்த வைக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே போட்டுடணும். காத்து ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிச்ச பிறகு புகை எழும்பினா அந்த வழியிலயே போகும். எல்லாரும் புகை வந்த பிறகு ஓடிப் போய் பட்டனை அமுக்குறாங்க.

இன்னொண்ணு. பின் பக்கத்துப் பர்னர்ல வறுங்க. முன் பர்னர்ல வெச்சா பாதி உங்க மேலதான் வரும்.

கெடிலக்கரையான்
ஜூன் 11, இரவு 9.20

இன்னைக்கு நெல்லிக்குப்பம் ரோட்ல ரெண்டு கடை, பாண்டியில ஒரு பெரிய கடை போய்ட்டு வந்தேன். கேள்விகள்:

ஒண்ணு, "ஃபில்டர்லெஸ், ஆட்டோ கிளீன், நீங்க தொடவே வேணாம்"ங்கிறாங்க. நிஜமா?
ரெண்டு, கையை ஆட்டினா ஓடுற சென்சார் மாடல் தேவையா?
மூணு, 60 சென்டிமீட்டரா 90ஆ?
நாலு, கடல் காத்துக்கு எது துருப்பிடிக்காது? எங்க கேட்டுக் கம்பியே மூணு வருஷத்துல உதிருது.

திருப்புளி
ஜூன் 11, இரவு 10.45

நான் பதினாலு வருஷமா சிம்னி சர்வீஸ் பண்றேன், கம்பெனி பேர் வேணாம். படிச்சிட்டே இருந்தேன், இப்ப விரல் சும்மா இருக்கல.

தொடவே வேணாம்னு சொல்றது விக்கிறவர், தொடுறது நான். ஆட்டோ கிளீன்னா உள்ள ஒரு ஹீட்டர் சுத்தி, புளோயர்ல ஒட்டின எண்ணெயைச் சூடாக்கி உருக்கி, கீழ கிண்ணத்துல விழ வைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா பத்து, பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் போடணும். ஆறு மாசம் விட்டுட்டுப் போட்டீங்கன்னா எண்ணெய் அதுக்குள்ள தார் மாதிரி இறுகியிருக்கும், எந்த ஹீட்டரும் உருக்காது. அப்புறம் கிண்ணத்தை ஊத்தணும். போன மாசம் ஒரு வீட்ல, நாலு வருஷமா ஓடுது, "கிண்ணமா, அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. கழட்டினேன், சொல்ல வேணாம். பைப்பை ஆட்டோ கிளீன் தொடவே தொடாது.

ஃபில்டர்லெஸ்ல எண்ணெய் நேரா புளோயருக்குப் போகும், அது சுத்துற வேகத்துல ஓரத்துக்கு எறியும். பேஃபிள்னு இன்னொரு ஃபில்டர் ரகம் இருக்கு, அதுல வளைஞ்ச தகடு வரிசையா இருக்கும். காத்து சட்டுனு திரும்பிப் போயிடும், எண்ணெய்த் துளி கனமா இருக்கிறதால திரும்ப முடியாம தகட்டுல முட்டி வடியும். மூணு நாள் மீன் வறுக்கிற வீட்டுக்கு என் ஓட்டு பேஃபிளுக்கு. கழட்டிக் கழுவினா பளபளன்னு வந்துடும், உள்ள மோட்டாரும் நிம்மதியா இருக்கும். அலுமினிய வலை ஃபில்டர் மட்டும் வேணாம், வாரா வாரம் கழுவணும், யாரும் கழுவ மாட்டாங்க.

சென்சார்: அது அடுப்புக்கு நேர் மேல ஆவியிலயும் எண்ணெயிலயும் உக்காந்திருக்கு. தோசை திருப்புற கையைப் பாத்து ஓடும், நிக்கச் சொன்னா நிக்காது. எனக்கு வர்ற சர்வீஸ் போன்ல நிறைய சர்க்யூட் போர்டு, டச் பேனல் சமாச்சாரம்தான். மோட்டாருக்கு வருஷக்கணக்குல வாரண்டி எழுதியிருப்பாங்க, போர்டுக்கு எவ்வளவுன்னு சின்ன எழுத்துல பாருங்க. அமுக்குற பட்டன் மாடல் கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்குங்க.

மோட்டார் உம்முனு சத்தம் போட்டுச் சுத்தாம நின்னா, மோட்டார் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல்ல கெப்பாசிட்டரை மாத்திப் பாக்கச் சொல்லுங்க. அது சொற்பக் காசு.

டக்ட்காரன்
ஜூன் 12, காலை 7.50

திருப்புளி அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. மிச்ச ரெண்டு கேள்விக்கு மட்டும்.

அகலம் அடுப்புக்குக் குறையக் கூடாது. மூணு பர்னர் அடுப்பு 60 சென்டிமீட்டரைத் தாண்டும், டேப் வெச்சு அளந்துட்டு 75ஓ 90ஓ பாருங்க. உயரம், அடுப்பு மேலருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர். அம்மா குள்ளம்னு இன்னும் கீழ இறக்காதீங்க, சூட்டுல பேனலும் போகும், தாளிக்கும்போது நெத்தியிலயும் இடிக்கும். அழகுக்காக மூணடிக்கு மேல தூக்கினா புகை பக்கவாட்டுல தப்பிச்சிடும்.

துரு: பவுடர் கோட்டிங் தகடு கருப்பா அழகா இருக்கும், ஒரு கீறல் விழுந்தா கடலோரத்துல அங்கேயே துரு ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல். 304 கிரேடு உப்புக் காத்தை நல்லா தாங்கும், 430 அவ்வளவு தாங்காது. காந்தம் வெச்சா 430 நல்லா ஒட்டும், 304 அநேகமா ஒட்டாது. ஆனா 202ங்கிற மலிவு ரகமும் ஒட்டாது, அதனால காந்தம் ஒட்டலன்னு ஏமாறாதீங்க, பில்லுல கிரேடு எழுதச் சொல்லுங்க. வெளிய இருக்கிற மூடியும் ஸ்க்ரூவும்தான் முதல்ல போகும். மூடிக்கு நல்ல ஸ்டீல், ஸ்க்ரூவும் ஸ்டீல். இங்க பத்து ரூபா மிச்சம் புடிச்சா அடுத்த வருஷம் மழையில மூடி கீழ கிடக்கும்.

முத்தியால்பேட்டை அக்கா
ஜூன் 12, காலை 10.20

மழைன்னதும் ஞாபகம் வருது. ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு, 2024 நவம்பர் 30 ராத்திரி, பாண்டியில கொட்டினது தெரியுமே. என் தங்கச்சி வீடு ரெட்டியார்பாளையம். ரெண்டாம் நாள் பாத்தா சிம்னிக்குள்ளருந்து சொட்டுச் சொட்டா அடுப்பு மேல பழுப்புத் தண்ணி. பைப்பை வெளிய விட்ட ஆளு, உள்பக்கம் தாழ்வா, வெளிப்பக்கம் ஏத்தமா வெச்சிருக்கான். மழைத்தண்ணி முழுக்க வீட்டுக்குள்ள. பைப்பு வெளிய பாத்துக் கொஞ்சம் சாய்வா இருக்கணும்.

இன்னும் ஒரு கூத்து. எங்க எதிர் வீட்ல சிம்னி இழுக்கல, இழுக்கலன்னு ரெண்டு மாசம். ஆளு வந்து பைப்பைக் கழட்டினா உள்ள அணில் கூடு, மூணு குட்டி, தேங்கா நார், குப்பைத் துணி, ஒரு ராக்கெட் பேப்பர். அதுக்காக வலையை அடிச்சீங்கன்னா அந்த வலையில எண்ணெய் படிஞ்சு அடைச்சுக்கும். காத்து வந்தா தெறக்கிற, நின்னா மூடிக்கிற மடிப்பு மூடி போடுங்க.

பாடலீஸ்வரர் துணை
ஜூன் 12, காலை 11.00

மடிப்பு, மூடி, சாய்வு, கிரேடு. எங்கள் ஃபேனுக்கு நாலு ஸ்க்ரூ. நாலும் சாதா இரும்பு.

நெத்திலி65
ஜூன் 12, காலை 11.05

ஐயா ஃபேனுக்கு ஃபேன் கிளப் ஆரம்பிக்கலாம்.

டக்ட்காரன்
ஜூன் 12, இரவு 9.00

ஐயா ஒரு விஷயத்துல சரியா சொல்லியிருக்கார், யாரும் கவனிக்கல. "எதிரே ஒரு ஜன்னல்"ன்னாரே, அதான். சிம்னி வெளிய தள்ளுற அளவுக்குக் காத்து உள்ள வரணும். ஜன்னல், கதவு எல்லாத்தையும் ஏசி ரூம் மாதிரி மூடிட்டு ஓட்டினா சிம்னி வெத்து சத்தம்தான். சமையலறைக் கதவையோ, கொஞ்சம் தள்ளி இருக்கிற ஜன்னலையோ தெறந்து வைங்க. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் தெறந்தா குறுக்குக் காத்து புகையைக் கலைச்சிடும். சமையலறையில சீலிங் ஃபேன் சுத்தினாலும் அதே கதி.

வீட்டுக்குள்ள கேஸ் கீசர் இருக்கிறவங்க கவனம். எல்லாத்தையும் மூடிட்டுச் சிம்னியை முழு வேகத்துல வெச்சா, கீசர் புகையை அது உள்பக்கமா இழுக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளையாட்டு இல்ல.

கேஸ் கசிஞ்சா சிம்னியைப் போட்டு வெளிய தள்ளிடலாம்னு சில பேர் நெனக்கிறாங்க. கூடவே கூடாது. சமையல் கேஸ் காத்தை விட கனம், தரையோட படுக்கும், மேல இருக்கிற சிம்னிக்கு அது வராது. சுவிட்ச் போடும்போது வர்ற சின்னப் பொறி போதும். எந்தச் சுவிட்ச்சையும் தொடாம, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் தெறந்து, வெளிய வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906க்குப் போன் பண்ணுங்க.

நெறியாளர்
ஜூன் 13, காலை 8.00

மேலே உள்ள கடைசிப் பத்தியை எல்லாரும் ஒரு முறை படித்துவிடவும். நேற்று வந்த மூன்று பதிவுகளில் கடைப் பெயர், கம்பெனிப் பெயர் போட்டுத் திட்டியிருந்ததால் நீக்கியிருக்கிறேன். குறையைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

கெடிலக்கரையான்
ஜூன் 29, இரவு 10.15

மாட்டியாச்சு! விவரம் சொல்றேன்.

75 சென்டிமீட்டர், பேஃபிள், பட்டன் மாடல், 1100. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தார், "இதெல்லாம் இப்ப யாரும் கேக்குறதில்ல சார்"னு குடோன்லருந்து எடுத்துக் குடுத்தார். விலையும் கம்மி. மிச்சத்துல ஜிஐ பைப்பு, ஸ்டீல் மூடி.

திசைக்கு வீட்ல பெரிய பஞ்சாயத்து. தெற்குச் சந்துல பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் இருக்கு. லாஸ்பேட்டை சார் சட்டை கண்ணு முன்னாடி வந்துச்சு. மனசு வரல. கிழக்கேதான் போனோம். டக்ட்காரன் அண்ணன் தனியா பேசி வழி சொன்னார்: நேரா கடலைப் பாத்து வாயைத் தெறக்காம, வெளிய வந்ததும் கொக்குக் கழுத்து மாதிரி கீழ பாத்து வளைச்சு, உள்ள மடிப்பு மூடி. காத்து நேரா நுழைய முடியாது, சாரலும் ஏறாது. ஒரு வளைவு கூடுதல்தான், ஆனா மொத்தப் பைப்பே நாலடிக்குள்ள.

ஓட்டை போட கோர் கட்டிங் மெஷின் வெச்சோம். கொத்தனார் உளியால தட்டுறேன்னார், வேணாம்னுட்டேன். பீமுக்கு ஒரு ஜாண் கீழ வந்துச்சு, தப்பிச்சோம். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே எர்த்தோட ஒரு பிளக் பாயின்ட், சிம்னி மறைக்கிற எடத்துக்குப் பக்கத்துல, கைக்கு எட்டுற மாதிரி. எலக்ட்ரீஷியன் அதைப் பைப்புக்குப் பின்னாடியே போடப் பாத்தார். அப்புறம் எப்படிப் புடுங்குறது?

கரண்டு கணக்கும் பாத்தேன். மோட்டார் 200 வாட். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்னா மாசம் 9 யூனிட். பரவாயில்ல.

பாடலீஸ்வரர் துணை
ஜூன் 30, காலை 6.10

வாழ்த்துகள் தம்பி. மூன்று மாதம் கழித்து எழுதுங்கள்.

கெடிலக்கரையான்
செப்டம்பர் 21, இரவு 9.30

ஐயா கேட்ட மூணு மாசம். உண்மையைச் சொல்றேன். சிம்னி நல்லா இழுக்குது, ஒரு தாளைக் கீழ காட்டினா சப்புனு ஒட்டுது. அலமாரியில பிசுக்கு இல்ல. ஆனா அம்மா அதைப் போடவே மாட்டேங்கிறாங்க.

நான் சத்தம் தொந்தரவோன்னு நெனச்சேன். சீரியல் கேக்கலையோன்னு கூட. கடைசியில உக்கார வெச்சுக் கேட்டா, "கடுகு வெடிக்கிறது காதுல விழலடா"ங்கிறாங்க. அம்மா தாளிக்கிறது காதாலதான். கடுகு படபடன்னு ஓஞ்சதும் உளுந்து, உளுந்து வாசனை வந்ததும் மிளகாய். சிம்னி போட்டா சத்தமும் கேக்கல, வாசனையும் மூக்குக்கு வர்றதுக்கு முன்னாடி போயிடுது. "குருடி மாதிரி சமைக்கச் சொல்றியா?"ன்னாங்க. எனக்குப் பதில் இல்ல.

முத்தியால்பேட்டை அக்கா
செப்டம்பர் 21, இரவு 10.00

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. எனக்கும் முதல் ஆறு மாசம் சாம்பார்ல பெருங்காயம் கூடிக்கிட்டே இருந்துச்சு, வாசனை தெரியலன்னு போட்டுப் போட்டு. தாளிக்கும்போது முதல் வேகம் மட்டும் வைங்க, இல்லன்னா நிறுத்திடுங்க, அரை நிமிஷப் புகையில வீடு இடிஞ்சிடாது. கொட்டினதும் மேல ஏத்துங்க. வறுவலுக்கு மட்டும் முழு வேகம்.

திருப்புளி
செப்டம்பர் 22, காலை 8.40

மூணு மாசம் ஆச்சே, ஃபில்டர் கழுவினீங்களா? மீன் வீட்டுக்கு மாசம் ஒரு தடவை. நல்ல கொதிநீர், பாத்திரம் தேய்க்கிற லிக்விட், ஒரு கை சமையல் சோடா, அரை மணி ஊற வெச்சு பழைய பிரஷ்ஷால தேய்ங்க. ஸ்டீல் கம்பி நார் வேணாம், கீறிடும், கீறின எடத்துல கடல் காத்து வேலையைக் காட்டும். நல்லா காஞ்ச பிறகு மாட்டுங்க. அலுமினிய வலை வெச்சிருக்கிறவங்க காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க, வலை கருத்து, கரைஞ்சு, கேஸ் கிளம்பும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வெச்சுத் துடைக்கிற மகான்களும் இருக்காங்க. அடுப்புக்கு மேல!

பிளக்கைப் புடுங்கிட்டுக் கை வைங்க.

கெடிலக்கரையான்
செப்டம்பர் 28, மதியம் 12.40

கழுவியாச்சு அண்ணே. தண்ணி காபி கலர்ல வந்துச்சு. அது முன்னாடியெல்லாம் எங்க அலமாரிக்கும் நுரையீரலுக்கும் போயிட்டிருந்ததுன்னு நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

அக்கா சொன்ன யோசனை வேலை செய்யுது. தாளிக்கும்போது ஆஃப், வறுக்கும்போது மூணு. அம்மாவே அமுக்குறாங்க.

கெடிலக்கரையான்
நவம்பர் 17, இரவு 1.20

தூங்க முடியாம எழுதுறேன். வெளிய வாடைக் காத்து, மழை. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல, டக்ட்காரன் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்த மடிப்பு மூடி காத்துக்கு டப்பு டப்புன்னு அடிக்குது. அம்மா ரெண்டு தடவை எந்திரிச்சு வாசக் கதவைத் தெறந்து "யாரு?"ன்னு கேட்டுட்டாங்க.

டக்ட்காரன்
நவம்பர் 17, காலை 7.00

மூடி உக்கார்ற விளிம்புல மெல்லிசா ஒரு ரப்பர் பட்டி ஒட்டுங்க, கதவுக்கு ஒட்டுவாங்களே அது. சத்தம் அடங்கும். பட்டி தடிமனா இருந்தா மூடி தெறக்காது, பாத்து. மழை விட்டதும் ஏணி போடுங்க, இன்னைக்கு ஏறாதீங்க.

பாடலீஸ்வரர் துணை
நவம்பர் 17, காலை 7.30

எங்கள் ஃபேன் ஷட்டரும் நேற்று ராத்திரி முழுக்க அதே சத்தம்தான் தம்பி. அந்த ரப்பர் பட்டி எங்கே கிடைக்கும்?

நெத்திலி65
நவம்பர் 17, காலை 7.32

😂😂😂